யாருடைய கொள்ளுத்தாத்தாவுக்குப் பெயர் இருக்கிறது?

தேயிலைப்பேத்தி:

பூர்வீகம் தேடுவது இப்போது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. குலதெய்வக் கோயிலில் போய் விசாரிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பங்காளிகள் குழு ஆரம்பிக்கிறார்கள், எச்சிலைக் குப்பியில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தது நாங்கள் இல்லை. இரண்டு அரசாங்கங்கள்.

தாத்தா கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். இலங்கை சுதந்திரமடைந்த அதே 1948-இல் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. அப்பா அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால் அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். கொள்ளுத்தாத்தா காலத்தில் தோட்டத்தில் யார் கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? தோட்டத்தில் பேர் பதிந்தால் அது செக்ரோலில் ஏறும். அது கூலி போடுவதற்கான கணக்கு. யார் யாருக்குப் பிறந்தார் என்பது கணக்கப்பிள்ளைக்கு எதற்கு?

சரி, இந்தியாவுக்கே போகிறோம் என்றால் அங்கே அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியரில் ஒருவரோ இந்தியாவில் பிறந்தவராக இருக்க வேண்டும். ஒரு நாடு உன் முன்னோர் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்கிறது, இன்னொரு நாடு இல்லை, அங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்கிறது. கேட்கப்பட்டவர் ஒரே ஆள். அவர் கையில் இரண்டுக்குமே காகிதம் இல்லை.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களைப் போல நாடற்று நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தப் பக்கம் வந்தார், அவர் தம்பி அந்தப் பக்கமே நின்றுவிட்டார். நீலகிரியில் எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள். சின்னத்தாத்தா வீட்டாரை அங்கே இந்தியத் தமிழர் என்று எழுதினார்கள். இரண்டு இடத்திலும் நாங்கள் அடுத்த ஊர்க்காரர்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உங்கள் வீட்டில் முன்னோரைப் பற்றி என்ன எழுத்து இருக்கிறது? ஓலை, பத்திரம், சர்ச் பதிவேடு, எதுவானாலும் சரி. அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?

---

ஓலைச்சுவடி:

எங்களிடம் ஒன்பது தலைமுறை இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். ஓலைச் சுவடிகள் கொஞ்சம், மீதி பத்திரத் தாள்.

எதற்காக எழுதினார்கள் என்றால், பாசத்தில் யாரும் எழுதவில்லை. பாகப்பிரிவினை, அடமானம், கோயில் மரியாதை யாருக்கு முதலில் என்ற சண்டை, வாய்க்கால் முறைத் தகராறு. வம்சாவளி வரிசையே ஒரு வழக்குக்காகத் தொகுத்தது. சொத்து இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் தாத்தாவுக்கு மேலே பெயர் தெரிந்திருக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதை நோண்டுவதால் யாருக்கு என்ன லாபம்? எந்தக் குடும்பத்தில் பூர்வீகத்தைத் தோண்டினாலும் மூன்றாவது அடியில் சாதி வந்துவிடுகிறது. என் சித்தப்பா பையன் இந்த ஓலைகளைப் படம் பிடித்துப் போட்டு, ஆண்ட பரம்பரை என்று எழுதிக்கொண்டு திரிகிறான். படித்துப் பார்த்தால் அதில் பாதி வாங்கிய கடனுக்கு வட்டி கட்டாத கதை.

---

முதலெழுத்து:

மேலே சொன்னவருடன் முழுக்க உடன்படுகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு நம் ஊரில் நடந்தது சாதாரண மாற்றம் இல்லை. வடக்கே போனால் முதல் கேள்வியே குடும்பப் பெயர் என்ன என்பதுதான். இங்கே அப்பா பெயரின் ஒரே ஓர் எழுத்தோடு வாழ்ந்து முடித்துவிடலாம்.

என் அப்பா எங்கள் சாதி என்ன என்று எனக்குச் சொல்லவே இல்லை. கல்லூரி விண்ணப்பத்தில் சான்றிதழ் கேட்டபோதுதான் தெரிந்தது. அதுவரை நான் யாராக இருந்தேனோ அதற்குப் பிறகும் அவனாகவே இருந்தேன். பூர்வீகம் இல்லாமல் ஒரு மனிதன் நன்றாகவே இருக்க முடியும். அது ஒரு விடுதலை. தேயிலைப்பேத்தி அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அதற்கு மருந்து இன்னும் நல்ல வம்சாவளி இல்லை, வம்சாவளியே கேட்காத நாடு.

---

பஞ்சமிநிலம்:

தம்பி முதலெழுத்து, நீங்கள் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு திருத்தம் மட்டும். உங்கள் அப்பா சொல்லாமல் விட்டதால் உங்களுக்குத் தெரியவில்லை. என் அப்பாவும் சொல்லவில்லை, ஆனால் ஊர் சொல்லிவிட்டது. எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பது போதும். பட்டத்தை வெட்டிய அதே தமிழ்நாட்டில்தான் வீடு வாடகைக்குக் கேட்டால், "உங்களுக்குச் சொந்த ஊர் எந்தப் பக்கம்?" என்று இழுக்கிறார்கள். கல்யாணக் கணக்கு இன்னும் மோசம். 2011-12-இல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், நாடு முழுக்கச் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் பேர் பூர்வீகத்தை மறந்தவர்களா?

ஓலைச்சுவடி ஐயாவுக்கு ஒரு விஷயம். எங்கள் ஆட்களும் ஓலையில் இருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளைப் பாருங்கள். ஆளை விற்ற ஓலை, ஆளை அடமானம் வைத்த ஓலை எல்லாம் கிடைத்திருக்கின்றன. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசு சொன்னது 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டத்தில். அடிமையை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு. அதற்கு முன்னால் எங்கள் முப்பாட்டன் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது விற்றவருடைய பத்திரம். ஓர் ஓலையில் உங்கள் தாத்தா கையெழுத்துப் போடுகிறவர், என் தாத்தா சரக்கு. இரண்டையும் பூர்வீக ஆவணம் என்று ஒரே பெயரில் சொல்லலாமா?

இன்னும் பின்னால் போங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரியில்லாத நிலங்களைக் கழிக்கும் இடத்தில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று வருகிறது. ஆயிரம் வருடம் முன்பே சேரி கணக்கில் இருக்கிறது. அங்கே குடியிருந்தவர் யார் என்பது அந்த வரிகளில் இல்லை.

நான் ஏன் தேடுகிறேன் என்று கேட்டால், பெருமைக்கு இல்லை. 1891-இல் செங்கல்பட்டுப் பொறுப்பு ஆட்சியர் டிரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டே மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்க ஆணை வந்தது. முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்கு மட்டுமே விற்கலாம். இன்று அந்த நிலம் யார் கையில்? எங்கள் ஊரில் பழைய 'அ' பதிவேட்டை, அதாவது கிராம நிலப் பதிவேட்டைக் கேட்டுப் போனால், கறையான் அரித்துவிட்டது என்கிறார்கள். கறையானுக்குக்கூட எந்தப் பக்கத்தைத் தின்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 1994-இல் காரணையில் இதே நிலத்தைக் கேட்டவர்களில் இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எனக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரிய வேண்டும் என்பது உணர்ச்சிப் பிரச்சினை இல்லை. பட்டாவில் அவர் பெயர் இருந்ததா என்று தெரிய வேண்டும்.

---

சும்மா_படிக்கிறவன்:

வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். கறையான் வரியில் நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் பதிவேட்டையும் அதே கறையான்தான் தின்றது போல.

---

எழும்பூர்வாசி:

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடையாகக் கிடப்பவன் நான். தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிஜியிலிருந்து பூர்வீக ஊர் தேடி வரும் குடும்பங்களுக்குக் கொஞ்சம் உதவுவேன். தேயிலைப்பேத்தி கேட்ட, எழுதியவர் யார் என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரு விசித்திரமான பதில் உண்டு.

சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டுமே, அதற்குத்தான் தழும்பு.

அதே வருடங்களில் அதே கிராமத்தில் ஊரைவிட்டுப் போகாத அண்ணன் தம்பிக்கு எழுத்தில் ஒன்றுமே இல்லை. நிலம் இல்லையென்றால் கிராமக் கணக்கில் வர வேலையில்லை. டர்பனில் இருக்கும் பேரனுக்கு முப்பாட்டனின் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு இருந்தது வரை தெரியும். ஊரிலேயே இருக்கும் பேரனுக்குப் பெயர்கூடத் தெரியாது. தப்பி ஓடினால் பிடிக்க எழுதியது, இன்று அந்தக் குடும்பத்தின் ஒரே சொத்து. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று எனக்குப் பல நாள் குழப்பம் உண்டு.

சாதிக் கட்டத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். கேட்டு எழுதியவர் காதில் விழுந்ததும், சொன்னவர் சொல்ல விரும்பியதும் கலந்த கட்டம் அது. கப்பலேறும்போது ஒன்றாகவும் பிறகு வேறாகவும் இருந்தவர்கள் உண்டு என்பதை இந்த வரலாற்றை ஆய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது பட்டியலின் குறையாகத் தெரியவில்லை. சொந்த ஊரில் மாற்ற முடியாததைக் கடலைத் தாண்டும்போது யாரோ ஒருவர் மாற்றிப் பார்த்திருக்கிறார்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது, அதுதான் தேயிலைப்பேத்தியின் சிக்கல். அங்கே ஆள் சேர்த்தது கங்காணி. முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து நடத்தியே கூட்டிப்போனார். தோட்டத்தில் அவர்கள் பேரில் இருந்த முக்கியமான காகிதம் துண்டு. இந்த ஆளின் கடனை அடைத்தால் விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. 1921-இல் ஒழித்தார்கள். அதுவரை ஒருவரின் அடையாள அட்டையே அவருடைய கடன் கணக்குதான்.

---

குருத்தணு:

மரபணுச் சோதனை பற்றி ஆரம்பத்தில் ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் சுருக்கமாக.

காகிதம் இல்லாதவர்களுக்கு இது மாற்று என்று விற்கிறார்கள். அவ்வளவு தூரம் வராது. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் கணக்குப்படி 1,024 முன்னோர். அவர்களில் பலருடைய மரபணு உங்களிடம் ஒரு துளியும் மிஞ்சியிருக்காது. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் அதிகம் என்பதால் உறவுக் கணிப்பும் குழம்பும், தூரத்துச் சொந்தத்தை நெருங்கிய சொந்தம் என்று காட்டிவிடும். நம்மவர்களின் ஒப்பீட்டு மாதிரிகளும் குறைவு. ஊர்ப் பெயர் நிச்சயம் வராது.

ஆனால் பெரிய படம் ஒன்று வருகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றைய இந்தியர்களில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் இரண்டு பழைய மக்கள்கூட்டங்களின் கலப்பு என்றும், அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றும் கணித்தது. அதன் பிறகு கதவு சாத்தப்பட்டிருக்கிறது, அகமணம், அதாவது குழுவுக்குள்ளேயே கல்யாணம் செய்வது, இறுகியிருக்கிறது. சுத்த ரத்தம் பேசுகிறவர்கள் முதல் பாதியைப் படிக்க மாட்டார்கள். சாதி என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்கிறவர்கள் இரண்டாம் பாதியைப் படிக்க மாட்டார்கள். நேரம் இருந்தால் முழுசாகப் படியுங்கள்.

---

தேயிலைப்பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. ஓலைச்சுவடி ஐயா, ஒரு கேள்வி. அந்த ஒன்பது தலைமுறையில் பெண்கள் எத்தனை பேர்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1948 சட்டம் முழுக்க அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா. முறையான கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மா எந்த மண்ணில் பிறந்தாள் என்று அந்தக் கணக்கில் கேள்வியே இல்லை. ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறித்தது அதிகமும் பெண்கள். எங்கள் வீட்டில் நினைவு என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் அது பாட்டி சொன்னதுதான். தாத்தா பிறந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பாட்டிதான் துறையூர்ப் பக்கம், ஏரிக்கரையில் ஐயனார் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஏரி எது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் எல்லா ஏரிக்கரையிலும் ஐயனார்தான்.

---

ஓலைச்சுவடி:

ஒரு பெண்கூட இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் "இன்னாருக்கு மூத்த தாரத்துப் பிள்ளை", "இளைய தாரத்துப் பிள்ளை" என்று வருகிறது. தாரத்தின் பெயர் இல்லை. சீதனமாக வந்த நிலத்துக்கு நான்கு எல்லை விவரமாக எழுதியிருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்தவள் பெயர் இல்லை.

பஞ்சமிநிலம் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓலைகளில் ஆளைப் பற்றிய ஓலை ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியில் காட்டியதில்லை. சித்தப்பா பையன் படம் பிடித்துப் போட்டதில் அது மட்டும் இல்லை.

---

எழும்பூர்வாசி:

பெண்கள் பற்றி ஒரு சேர்க்கை. நேட்டால் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண் உண்டு. சொந்தப் பெயர், சொந்தத் தகப்பன் பெயர், சொந்தக் கிராமம். யாருடைய மனைவி என்பது பின்னால்தான். தஞ்சைக் கல்வெட்டில்கூட, ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பெயர் ஒவ்வொன்றாக, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதோடு இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தவள் பெயர் போய்விட்டது. வேலைக்கு எடுக்கப்பட்டவள் பெயர் நின்றுவிட்டது.

---

முதலெழுத்து:

இதெல்லாம் படிக்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. 2025 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மொரீஷியஸில் பேசும்போது, ஏழாவது தலைமுறை வரை அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை உண்டு என்று அறிவித்தார். ஏழு தலைமுறை! அதாவது இன்று ஒருவர் யார் என்பதை அவர் பார்த்தே இராத ஓர் ஆளை வைத்து முடிவு செய்கிறோம். பிறப்பைக் கொண்டு சலுகை கொடுப்பதும் பிறப்பைக் கொண்டு ஒதுக்குவதும் ஒரே இயந்திரம் இல்லையா? அதற்கு நாமே எரிபொருள் தேடிக் கொடுக்கிறோமோ என்று பயம்.

---

பஞ்சமிநிலம்:

பயம் நியாயம்தான் தம்பி. ஆனால் இயந்திரத்தை நிறுத்துவது நம் கையில் இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அது கேட்கும்போது ஓலை வைத்திருப்பவன் நீட்டுவான், இல்லாதவன் முழிப்பான். எல்லாரும் ஒரே நாளில் ஓலையைக் கீழே போடுவோம் என்றால் நான் முதல் ஆளாகப் போடுகிறேன். என்னிடம் ஒன்றும் இல்லை என்பதால் எனக்கு அது சுலபமும்கூட.

ஓலைச்சுவடி ஐயா, அந்த ஓர் ஓலையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? குடும்பப் பெயரை மறைத்துவிடுங்கள், எனக்கு அது வேண்டாம். விற்கப்பட்டவர் பெயரும் ஊரும் மட்டும் போதும்.

---

ஓலைச்சுவடி:

அண்ணனிடம் கேட்க வேண்டும், ஓலைப்பெட்டி அவர் வீட்டில் இருக்கிறது. மறுப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

---

எழும்பூர்வாசி:

தேயிலைப்பேத்தி, உங்களுக்கு உருப்படியாக ஒன்று. 1964 ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர்கள் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழியாக விண்ணப்பித்துக் கடவுச்சீட்டு வாங்கியவர்கள். குடும்ப அட்டை ஒன்றும் கொடுத்திருப்பார்கள். அந்த இரண்டில் எது கையில் இருந்தாலும் பூர்வீக ஊர் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுதியதாக இருக்கும், எழுத்துப் பிழையோடுதான் இருக்கும். அதை உரக்கப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் பிடிபடாத ஊர் காதுக்குப் பிடிபடும். சின்னத்தாத்தா அந்தப் பக்கம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது வேறு ஊரைச் சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, துறையூர் தாலுக்கா கிராமப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம்.

---

தேயிலைப்பேத்தி:

கடவுச்சீட்டு கோத்தகிரியில் அத்தையிடம் இருக்கிறது, அட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. அத்தை அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார், மறுபடி யாராவது கேட்டால் என்ன செய்வது என்பார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.